கேட்டுக் கொடு, சொல்லிக் கொடு: கருத்தடை மாத்திரையும் நம் பெண்களும்

(பெண்கள் உடல்நலம் குறித்த ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நான் டாக்டர் இல்லை. வங்கியில் குமாஸ்தா, கொஞ்சம் கவிதை எழுதுகிறவள். கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன யோக்யதை என்று யாராவது நினைக்கலாம். மாத்திரையைத் தயாரிக்கிறவன் பேசிவிட்டான். எழுதிக் கொடுக்கிறவர் பேசிவிட்டார். மக்கள்தொகை பெருகிப்போச்சு என்று சர்க்கார் பேசிவிட்டது. பாவம் என்று மதம் பேசிவிட்டது. விழுங்குகிறவள் ஒருத்திதான் இன்னும் பேசவில்லை. அந்த வரிசையிலிருந்து ஒருத்தி பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ விஷயமாக நான் இங்கே சொல்லப்போவதெல்லாம் உலக சுகாதார நிறுவனமும் மற்ற மருத்துவ அமைப்புகளும் அச்சிட்டு வைத்திருக்கிற வழிகாட்டுதல்கள்தான். டாக்டருக்கும் நர்சுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. நமக்கும் தெரிந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

நம்ம தெருவில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் ஒரே அர்த்தம்தான். ஆபரேஷன். "ரெண்டு பிள்ளை ஆச்சே, ஆபரேஷன் பண்ணிட்டியா?" என்றுதான் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்கிறோம். முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மூன்று வருஷம் இடைவெளி வேண்டுமா, கல்யாணமான பிறகும் படிப்பை முடிக்க ஆசையா, அதற்கு என்ன வழி என்று நம்மிடம் கேட்டவர்கள் குறைவு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். இந்தியாவில் 15இலிருந்து 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் பெண் கருத்தடை ஆபரேஷனை நம்பியிருக்கிறார்கள். ஆண் ஆபரேஷன் 0.3 சதவீதம். மாத்திரை 5.1 சதவீதம். நம்ம தமிழ்நாட்டில் பாதிக்கும் மேலான பெண்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள்.

இதை விழிப்புணர்வு என்று அரசு கொண்டாடலாம். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ஆபரேஷன் என்பது அவர்கள் ஒருமுறை செய்து முடித்துக் கணக்கில் ஏற்றுவது. மாத்திரை என்பது அவள் தினமும் தன் கையால் எடுப்பது, வேண்டாம் என்றால் நாளைக்கே நிறுத்திவிடுவது. ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் அவள் கையில் இருக்கிற ஒரு முறையை அவள் கையில் கொடுக்க அதிகாரத்துக்கு எப்போதுமே தயக்கம். கொடுத்தாலும், எதையும் கேட்காமல், எதையும் சொல்லாமல், காகிதத்தில் சுருட்டிக் கொடுத்துவிடுவது. நம்ம பெண்களுக்கு இரண்டுமே நடக்கிறது. மாத்திரையின் பாதுகாப்பு அந்த அட்டைக்குள் இல்லை. கொடுப்பதற்கு முன் கேட்கப்படுகிற கேள்வியிலும், கொடுக்கும்போது சொல்லப்படுகிற சொல்லிலும் இருக்கிறது. இன்றைக்கு நான் பேச வந்தது இதுதான்.

*

இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1956இல் அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவில், ரியோ பியத்ராஸ் என்ற இடத்துக் குடியிருப்பில் வாழ்ந்த ஏழைப் பெண்களிடம்தான் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். கிரிகரி பின்கஸ், ஜான் ராக் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் மாத்திரை. பெயர் எனோவிட். கரு தங்காது என்று அந்தப் பெண்களிடம் சொன்னார்கள். இது இன்னும் சோதனையில் இருக்கிற மருந்து என்று சொல்லவில்லை. அந்த மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம், புரோஜெஸ்டின் கிட்டத்தட்ட 10 மில்லிகிராம் இருந்தது. இன்றைக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 30 மைக்ரோகிராம், புரோஜெஸ்டின் 0.15 மில்லிகிராம். ஹார்மோன் வகை வேறு என்றாலும், அன்றைக்கு அந்தப் பெண்கள் எவ்வளவு விழுங்கினார்கள் என்று இதிலேயே தெரியும்.

குமட்டல், தலைசுற்றல், வாந்தி, தலைவலி என்று அவர்கள் சொன்னார்கள். அங்கே சோதனையை நடத்திய எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண் மருத்துவர், கரு தங்காமல் இருப்பது உண்மைதான், ஆனால் பக்கவிளைவு அதிகம், பொதுவாகக் கொடுக்க ஏற்றதல்ல என்று எழுதி அனுப்பினார். எல்லாம் மனப்பிரமை என்று மேலே இருந்தவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். சோதனைக் காலத்தில் மூன்று பெண்கள் செத்தார்கள். பிரேதப் பரிசோதனைகூட நடக்கவில்லை. 1960இல் அமெரிக்க அரசு அதைக் கருத்தடை மாத்திரையாக அங்கீகரித்தது. அதே தீவில் 1960களின் நடுவில், பிள்ளை பெற்ற பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஆபரேஷன் செய்யப்பட்டிருந்தார்கள். அவர்களும் அதை வெறுமனே 'அந்த ஆபரேஷன்' என்றுதான் சொன்னார்கள். நம்ம தெருப் பேச்சு ஞாபகம் வருகிறதா?

ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து 1960களில் வெளியே வந்தது. 1969இல் பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1970 ஜனவரியில் அமெரிக்க செனட்டில் விசாரணை. மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூட சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. வாஷிங்டன் பெண்விடுதலை அமைப்பைச் சேர்ந்த பெண்கள் அந்த அறைக்குள் எழுந்து நின்று, எங்களை ஏன் கேட்கவில்லை என்று கூச்சல் போட்டார்கள். கூச்சல் போட்டார்கள் என்றுதான் பத்திரிகைகள் எழுதும். நாம் அதைக் குரல் கொடுத்தார்கள் என்று சொல்வோம். அந்த ஆண்டே மாத்திரை அட்டையோடு ஆபத்தைச் சொல்லும் தாள் ஒன்றை வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பிறகு ஹார்மோன் அளவும் படிப்படியாகக் குறைந்தது. இன்றைக்கு மாத்திரை பாதுகாப்பாக இருக்கிறது என்றால், போர்ட்டோ ரிக்கோ பெண்களின் உடம்பும், எழுந்து நின்ற பெண்களின் குரலும் அதில் இருக்கின்றன.

நம்ம கதைக்கு வருவோம். 1938 நவம்பர் 10ஆம் தேதி பம்பாய் சட்டமன்றத்தில், கருத்தடை வசதிகளை அரசே மக்களுக்குச் செய்துதர வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. பி.ஜே. ரோஹம் என்ற உறுப்பினர் முன்வைத்தார். அந்த உரையைத் தயாரித்துக் கொடுத்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். தீர்மானம் தோற்றது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1935இல், ரமாபாய் இறந்திருந்தார். அவர் பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கு சின்ன வயதிலேயே செத்துப்போயின. யஷ்வந்த் ஒருவர்தான் மிஞ்சினார். அந்தத் தீர்மானத்தை நான் சட்டமன்ற நடவடிக்கையாக மட்டும் படிக்க முடியவில்லை. இங்கே பெரியாரும், நாட்டு நன்மைக்காகவோ சொத்து சிதறாமல் இருப்பதற்காகவோ கருத்தடை கேட்கிறவர்களிடமிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு, பெண்ணின் விடுதலைக்காக என்று பேசினார். ஆக, இது மேல்தட்டுப் பெண்களின் பிரச்சினை, சேரிக்குச் சாதி ஒழிப்புதான் முக்கியம் என்று இனிமேல் எந்தத் தோழரும் சொல்ல வேண்டாம்.

கேட்காமல், சொல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் நடந்தது போதும். ஒரு முகாம். ஒரே டாக்டர். சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன். 13 பேர் செத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட சாதிகளின் ஏழைப் பெண்கள். 2016இல் உச்சநீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் இந்த முகாம் முறையையே நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. அந்தப் பெண்களுக்கு மாத்திரை, ஊசி, காப்பர்-டி என்று வேறு வழிகளை யாராவது உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் அந்த வரிசையில் நின்றிருப்பார்களா?

*

சரி, மாத்திரைக்கு வருவோம். கலப்பு மாத்திரை என்று ஏன் சொல்கிறோம்? ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன் அதில் கலந்திருப்பதால். மாதாமாதம் கருமுட்டை வெளியே வருவதை அது நிறுத்தி வைக்கிறது. கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவைத் தடுக்கிறது. மாலா-என் அட்டையில் 28 மாத்திரை. 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. அந்த ஏழு நாளில் தூரம் வந்துவிடும். ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டால் வருஷத்தில் ஆயிரம் பெண்களில் மூன்று பேருக்குத்தான் கரு தங்கும். நாம் வாழ்கிற வாழ்க்கையில், மறந்து, விட்டு, தீர்ந்துபோய், மறுபடி வாங்கி என்று சாப்பிட்டால் நூறில் ஏழு பேருக்குத் தங்கும். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கிற தூரத்தைப் பெண்ணின் மறதி என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு அட்டை வாங்க அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டியிருப்பதும் அதில் சேர்த்திதான். ஒரு வருஷத்துக்கான அட்டைகளை மொத்தமாகக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கேட்டு வாங்குங்கள்.

கடையில் 'மாத்திரை' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்கு இருக்கிறது. குழப்பிக்கொள்ளாதீர்கள். தினமும் சாப்பிடுகிற கருத்தடை மாத்திரை ஒன்று. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிற அவசர மாத்திரை இரண்டாவது. அது எப்போதாவது ஒருமுறைக்கு. தினசரி மாத்திரைக்கு மாற்று ஆகாது. மூன்றாவது கருக்கலைப்பு மாத்திரை. அதை டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தொடக்கூடாது. நான் பேசுவது முதலாவதைப் பற்றி.

எங்கள் வங்கியில் சுய உதவிக் குழுப் பெண் ஒருத்திக்குப் பத்தாயிரம் ரூபாய் கடன் கொடுக்க எத்தனை கேள்வி கேட்கிறோம் தெரியுமா? வீடு சொந்தமா, வாடகையா, புருஷன் என்ன செய்கிறார், வேறு எங்கே கடன், ஆதார் எங்கே, ஜாமீன் யார். பத்தாயிரம் திரும்பி வராமல் போய்விடுமோ என்கிற பயத்துக்கு இருபது கேள்வி. ஒரு பெண்ணின் ரத்தத்தில் தினமும் இரண்டு ஹார்மோன் சேரப்போகிறது, அதற்கு "எத்தனை பிள்ளை?" என்ற ஒரே கேள்வி. பணத்துக்கு இருக்கிற ஜாக்கிரதை நம்ம உடம்புக்கு இல்லை. அதனால் அவர்கள் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டிய கேள்விகளைத் தருகிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. பிரஷர் எவ்வளவு? கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாக இந்த மாத்திரை வேண்டாம். 160/100 என்றால் கூடவே கூடாது.

2. வயது 35 ஆகி, பீடி, சிகரெட், சுருட்டு புகைக்கிற பழக்கம் உண்டா? உண்டு என்றால் வேண்டாம். வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. புகைக்காத, நோய் எதுவும் இல்லாத பெண் 40க்கு மேலும் சாப்பிடலாம்.

3. ஒற்றைத் தலைவலி வருமா? வருமானால், வலிக்கு முன்னால் கண்ணெதிரே மின்னல் மாதிரி வளைவு தெரிகிறதா, பார்வையில் ஒரு பகுதி மறைகிறதா, ஒரு பக்கம் மரத்துப்போகிறதா? அப்படி என்றால் எந்த வயதானாலும் இந்த மாத்திரை கூடாது. பக்கவாதம் வரும் ஆபத்து கூடும். சாதாரணத் தலைவலிக்கு இது பொருந்தாது. வித்தியாசத்தைக் கேட்காமல் 'தலைவலியா, சரி' என்று தாண்டிப்போகிற இடம் இதுதான்.

4. காலிலோ நுரையீரலிலோ எப்போதாவது ரத்தம் கட்டியிருக்கிறதா? மாரடைப்பு, பக்கவாதம் வந்ததுண்டா? கூடப் பிறந்தவர்களுக்கு, அப்பா அம்மாவுக்கு ரத்தக்கட்டி வந்ததுண்டா? பெரிய ஆபரேஷன் செய்து பல நாள் படுக்கையில் கிடக்கப்போகிறீர்களா?

5. பிள்ளை பெற்று எத்தனை நாள்? தாய்ப்பால் கொடுக்கிறவளுக்கு முதல் ஆறு வாரம் கூடவே கூடாது. ஆறு மாதம் வரைக்கும் வேறு முறைதான் நல்லது. பால் கொடுக்காவிட்டாலும் முதல் 21 நாள் வேண்டாம். பிரசவத்துக்குப் பின் உள்ள அந்த நாட்களில் ரத்தம் உறையும் ஆபத்து இயல்பாகவே அதிகம்.

6. இப்போது மஞ்சள் காமாலை இருக்கிறதா? கல்லீரல் சுருங்கிய நோய், கல்லீரலில் கட்டி?

7. மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா, இருந்ததா? மார்பில் கட்டி தட்டுப்படுகிறதா?

8. சர்க்கரை நோய் பல வருஷமாக இருந்து கண், சிறுநீரகம், நரம்பு பாதித்திருக்கிறதா?

9. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? நம்ம ஆட்களுக்கு இது ரொம்ப முக்கியம். காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின், ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்து மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். டி.பி. மருந்தை முடித்த பின்னும் நான்கு வாரம் அந்தப் பாதிப்பு இருக்கும். வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடோயின், கார்பமாசெபின், ஃபெனோபார்பிட்டால் மாத்திரைகளும் அப்படித்தான். காற்று நுழையாத குடியிருப்பிலும் பஞ்சு தூசி பறக்கிற மில்லிலும் காசநோய் யாரைத் தேடி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். டி.பி. மருந்து ஒரு கையில், மாத்திரை அட்டை இன்னொரு கையில் வாங்கி வருகிற பெண்ணுக்கு இரண்டும் ஒத்துப்போகாது என்று யார் சொல்வது? அவளுக்குக் காப்பர்-டியோ மூன்று மாத ஊசியோ பொருந்தும். சளி, காய்ச்சலுக்குக் கொடுக்கிற சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரைகளால் இந்தப் பிரச்சினை இல்லை.

10. கரு ஏற்கெனவே தங்கியிருக்க வாய்ப்பு உண்டா? தெரியாமல் சில நாள் சாப்பிட்டுவிட்டாலும் கருவுக்குக் கேடு வந்ததாகத் தெரியவில்லை. பயந்துகொண்டு பிள்ளையைக் கலைக்க ஓட வேண்டியதில்லை.

இந்தப் பத்துக்கும் ஐந்து நிமிஷம் போதும். உள்பரிசோதனை செய்தால்தான் மாத்திரை என்று சொல்வதும் தேவையில்லாதது. ஒரு பிரஷர் கருவி, ஒரு நாற்காலி, கேட்கிற மனசு. இவ்வளவுதான் வேண்டும்.

*

ஆபத்தைப் பற்றி நேராகப் பேசுவோம். மறைத்தால் வதந்தி பேசும். மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமாக இல்லாத பெண்கள் பத்தாயிரம் பேரில் ஒரு வருஷத்தில் ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரைக்கும் ரத்தக்கட்டி வரும். கலப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் மூன்றிலிருந்து ஒன்பது பேர். கர்ப்பமாக இருக்கும்போது ஐந்திலிருந்து இருபது. பிரசவித்த பின் வருகிற வாரங்களில் நாற்பதிலிருந்து அறுபத்தைந்து என்ற விகிதம். அதாவது மாத்திரையால் ஆபத்து கூடுகிறது, உண்மை. வேண்டாத கர்ப்பத்தால் அதைவிடக் கூடுகிறது, அதுவும் உண்மை. லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ள மாலா-என் போன்ற பழைய மாத்திரையைவிட, டெசோஜெஸ்ட்ரல், ட்ராஸ்பிரினோன் போன்ற புது ஹார்மோன் உள்ளவற்றில் இந்த ஆபத்து சற்று அதிகம். விலை கூடினது நல்லது, ஓசியில் கொடுப்பது மட்டம் என்று நினைக்காதீர்கள்.

1995 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். புது வகை மாத்திரையில் ரத்தக்கட்டி ஆபத்து இரண்டு மடங்கு என்று அரசுக் குழு எச்சரித்தது. சிறிய எண்ணின் இரண்டு மடங்கும் சிறிய எண்தான் என்று யாரும் விளக்கவில்லை. பயந்துபோன பெண்கள் பாதி அட்டையில் நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் அங்கே கருக்கலைப்பு கூடியது. சொல்லாமல் விடுவது ஒரு வன்முறை என்றால், அரைகுறையாகச் சொல்வது இன்னொன்று.

புற்றுநோய் வரும் என்பார்கள். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சாப்பிடும் காலத்தில் கொஞ்சம் கூடுகிறது, நிறுத்தினால் மெல்லக் குறைகிறது. ஐந்து வருஷத்துக்கு மேல் சாப்பிட்டால் கருப்பை வாய்ப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடும். அதற்குப் பரிசோதனை உண்டு, செய்துகொள்ளுங்கள். சினைப்பைப் புற்றுநோயும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. பிறகு பிள்ளையே பிறக்காது என்பது பொய். நிறுத்தினால் கரு தங்கும். இன்னொன்று. மாத்திரை சாப்பிட்டால் உதிரப்போக்கும் வலியும் குறையும். இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று அதே 2019-21 ஆய்வு சொல்கிறது. களையெடுக்கவும் கல் சுமக்கவும் போகிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சாப்பிடுகிற விதம். தூரம் வந்த ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால் அன்றிலிருந்தே பலன். வேறு நாளில் ஆரம்பித்தால் முதல் ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். தினமும் ஒரே நேரம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்துக்கொண்டால் குமட்டலும் குறையும், மறதியும் குறையும். விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று சாப்பிட வேண்டும்.

ஒரு மாத்திரை மறந்துவிட்டதா? ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்கள், அன்றைய மாத்திரையையும் வழக்கம் போலச் சாப்பிடுங்கள். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் மறந்துவிட்டதா? உடனே ஒன்று சாப்பிட்டு அட்டையைத் தொடருங்கள், ஏழு நாள் ஆணுறை. அது மூன்றாவது வாரமாக இருந்தால் மிச்ச ஹார்மோன் மாத்திரைகளை முடித்து, இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு, மறுநாளே புது அட்டை. முதல் வாரத்தில் மறந்து, உறவும் நடந்திருந்தால் அவசர மாத்திரை பற்றிக் கேளுங்கள். இரும்பு மாத்திரையை மறந்தால் கவலையே வேண்டாம்.

முதல் மூன்று மாதம் இடையிடையே சொட்டு ரத்தம், குமட்டல், மார்பில் கனம் இருக்கலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பெண்கள் இரண்டாவது மாதமே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஏழு விஷயத்துக்கு உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்: கடுமையான வயிற்றுவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இதுவரை வராத கடுந்தலைவலி, பார்வை மங்குதல், பேச்சுக் குழறுதல், ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும். போய், "நான் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். கூட வந்த மாமியார் முன்னால் சொல்ல முடியாது என்றால், நர்சைத் தனியே கூப்பிட்டாவது சொல்ல வேண்டும். உயிர் பெரிது.

*

கல்லூரி மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. நீர்க்கட்டி, தூரம் தள்ளிப்போகிறது, முகத்தில் பரு என்று போனால் 'ஹார்மோன் மாத்திரை' என்று எழுதித் தருகிறார்கள். அதில் பலவும் இதே கலப்பு மாத்திரைதான். மருத்துவத்துக்குக் கொடுத்தாலும் அந்தப் பத்துக் கேள்வி பொருந்தும். பெயரைக் கேளுங்கள், அட்டையை வாங்கிப் பாருங்கள். கல்யாணம் ஆகலையே, உனக்கு எதுக்கு என்பது மருத்துவக் கேள்வி அல்ல. கல்யாணம் ஆகாதது நோய் இல்லை. புருஷன் கையெழுத்தும் இந்த மாத்திரைக்குத் தேவையில்லை.

பெயர் தெரியாத மாத்திரையை வாயில் போடாதீர்கள் என்று ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் தெரியுமா? நம்ம தமிழ்நாட்டுத் துணி ஆலைகளில் மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து மெஷின் முன்னால் உட்காரவைத்தார்கள் என்று 2019இல் செய்தி வந்தது. அது கருத்தடை மாத்திரை இல்லை, வலி மாத்திரை. ஆனால் அந்தக் கை ஒன்றுதான். உழைக்கிற உடம்புக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிற கை.

ஆண் தோழர்களுக்கும் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை எச்.ஐ.வி.யையோ மற்றப் பால்வினை நோய்களையோ தடுக்காது. அதற்கு ஆணுறைதான். ஆண் ஆபரேஷன் பெண் ஆபரேஷனைவிட எளிது, ஆபத்து குறைவு. இருந்தும் 0.3 சதவீதம். மேடையில் பெண்விடுதலை பேசிவிட்டு வீட்டில் அந்த 0.3க்கு வெளியே நிற்கிறோமே என்று ஒருவராவது இன்றைக்கு யோசிக்க வேண்டும். அது முடியாவிட்டால், அவள் பிரஷர் பார்க்கப் போகிற நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவாவது செய்யுங்கள்.

மாத்திரை எல்லோருக்கும் என்று நான் சொல்லவில்லை. பொருந்தாதவர்களுக்கு லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை இருக்கிறது. மூன்று மாத ஊசி இருக்கிறது. காப்பர்-டி இருக்கிறது. எதுவும் வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் இருக்கிறது. எல்லாவற்றையும் விரித்துக் காட்டிவிட்டு, உனக்கு எது வேண்டும் என்று அவளைக் கேட்க வேண்டும்.

கடைசியாக, செய்ய வேண்டிய வேலை. இந்தப் பத்துக் கேள்வியையும் ஏழு ஆபத்துக் குறிகளையும் பெரிய எழுத்தில், பேச்சுத் தமிழில், ஒரே தாளில் எழுதுவோம். மாணவர்கள் எழுதட்டும், நர்ஸ் அக்கா ஒருவரிடம் காட்டித் திருத்துவோம். கிளைக்கு நூறு பிரதி. துணை சுகாதார நிலையச் சுவரில் ஒன்று, குழுக் கூட்டம் நடக்கிற இடத்தில் ஒன்று, மில் விடுதியில் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்குப் படித்துக் காட்ட ஒருத்தி. வட்டார மருத்துவ அலுவலரிடம் மனு: பிரஷர் பார்க்காமல் மாத்திரை கொடுக்காதே, காரணம் சொல்லாமல் மறுக்காதே, ஒரு வருஷத்துக்கு உண்டானதைச் சேர்த்துக் கொடு. மனுவை நான் எழுதித் தருகிறேன். மனு எழுதிப் பழகின கைதான். கையெழுத்து வாங்குகிற வேலை உங்களுடையது. வரும் ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். அக்காமார்கள் முதலில்.